பழைய ஆட்டோமேட்டிக் கார்: பெயின்ட்டைப் பார்க்கும் முன் ஆயிலைப் பாருங்கள்!

வாசகர் கேள்வி - பதில்

“கிளட்ச் இல்லாத பழைய கார் வாங்கலாமா? அதன் கியர் பாக்ஸ் தாங்குமா?”
- வாசகி, ராஜபாளையம்

அய்யனார் கோயில் சாலைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் இது. கணவருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆனால், யார் கையையும் எதிர்பார்க்காமல் தோப்புக்குப் போய்வர வேண்டும் என்கிறார். இந்த ஆண்டு தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணம் கையில் இருக்கிறது. மதுரையில் புரோக்கர் ஒருவர் காட்டிய, 82,000 கி.மீ ஓடிய 2014 மாடல் பெட்ரோல் கார் 4 லட்சம் ரூபாய். ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வண்டி போய்விடும்’ என்கிறாராம் புரோக்கர். ‘ஆட்டோமேட்டிக்’ என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கியர் லீவரில் பி, ஆர், என், டி, எஸ், எல் என்று எழுதியிருப்பதாக வாசகி குறிப்பிட்டிருக்கிறார். சர்வீஸ் ரெக்கார்டு 41,000 கி.மீ வரைதான் இருக்கிறதாம்.

முதலில், அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே நான்கு வகைகள் உண்டு. எந்த வகை என்று தெரியாமல் விலை பேசுவது, என்ன ரகம் என்று கேட்காமல் நாற்று வாங்குவதற்குச் சமம்.

டார்க் கன்வெர்ட்டர்: இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக ஆயில் இருந்தால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். அமெரிக்காவில் 1940-ம் ஆண்டு மாடல் கார்களில் வந்த ‘ஹைட்ராமேட்டிக்’ காலத்திலிருந்து, ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் பழைய ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக், 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக் போன்றவை இந்த வகை. மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால், ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்தால் நான்கில் அதிகம் உழைப்பது இதுதான்.

சி.வி.டி: இதில் தனித்தனி கியர்கள் இல்லை. இரண்டு புல்லிகளும் அவற்றுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட்டும் இருக்கும். புல்லிகள் விரிந்து சுருங்குவதால் வேகம் மாறும். 1958-ல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இந்த முறையில் கார் கொண்டுவந்தபோது ரப்பர் பெல்ட் இருந்தது; இப்போது இரும்பு. 2014-ல் வந்த ஹோண்டா சிட்டி, 2015-ல் வந்த மாருதி பலேனோ ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் இந்த வகை. அலுங்காமல் ஓடும். ஆனால், பெல்ட் புல்லியில் வழுக்கினால் இரண்டிலுமே கீறல் விழுந்துவிடும். அதைத் தடுப்பது ஆயில்தான். இதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

ஏ.எம்.டி: சாதாரண கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச்தான். கால் மிதிப்பதையும் கை கியர் போடுவதையும் ஒரு கருவி செய்கிறது. 2014 பிப்ரவரியில் வந்த மாருதி செலிரியோதான் குறைந்த விலையில் இதைப் பரவலாக்கியது. பிறகு வேகன் ஆர், க்விட், டியாகோ என்று பல கார்களில் வந்தது. மாருதி இதை ‘ஏ.ஜி.எஸ்’ என்ற பெயரில் விற்கிறது. கியர் மாறும்போது லேசாகக் குலுங்கும். பழுதுச் செலவு ஒப்பீட்டளவில் குறைவு.

இரட்டை கிளட்ச்: ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி, ஃபோர்டு ஈகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஆகியவை இந்த வகை. ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால், ஆயிலில் மூழ்காத ‘டிரை’ கிளட்ச் உள்ளவை, நின்று நின்று போகும் நெரிசலிலும் வெயிலிலும் சூடேறும். 2013-ல் ஃபோக்ஸ்வாகனே தன் 7 கியர் பெட்டிகளில் இருந்த ஆயிலை மாற்றித்தர பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் வந்த சிக்கல்தான் காரணம். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், பழைய ஃபோர்டு வாங்குவோர் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் முன்பே விசாரிக்க வேண்டும்.

வகையைக் கண்டுபிடிக்க எளிய வழி, கியர் லீவர். அதில் ‘பி’ (பார்க்கிங்) இல்லையென்றால் பெரும்பாலும் ஏ.எம்.டி. வாசகி பார்த்த வண்டியில் ‘பி’ இருக்கிறது. அதனால் அது ஏ.எம்.டி அல்ல. ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரைச் சீராக மிதித்தால், கியர் மாறும் உணர்வே இல்லாமல் இன்ஜின் சத்தம் ஒரே நிலையில் நின்று வேகம் மட்டும் ஏறினால், அது சி.வி.டி. மாடலையும் ஆண்டையும் சொல்லி அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் உறுதி செய்துவிடலாம்.

வகை தெரிந்தபிறகு ஆயில். சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஆயில்தான் பல். டார்க் கன்வெர்ட்டர் ஆயில் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சி.வி.டி ஆயில் எல்லாம் சிவப்பாக இருக்காது. பச்சை, மஞ்சள் நிறங்களிலும் உண்டு. அதனால் நிறத்தைவிட வாடையும் இரும்புத்துகளும்தான் முக்கியம். பல கார்களில் இந்த ஆயிலைப் பார்க்க டிப் ஸ்டிக் கிடையாது. லிஃப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். ‘அதெல்லாம் வேண்டாம்’ என்று விற்பவர் தடுத்தால், அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

‘இந்த ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சிலர் சொல்வார்கள். விருதுநகர் மாவட்டத்து வெயில், தோப்புப் பாதையின் புழுதி, நின்று நின்று போகும் பயணம்... இவற்றையெல்லாம் கார்க் கையேடுகளே ‘கடினமான பயன்பாடு’ என்றுதான் குறிப்பிடுகின்றன. கையேட்டில் அதற்கென்று சொல்லியிருக்கும் இடைவெளியைப் பின்பற்ற வேண்டும். பொதுவாக இது 40,000 கி.மீ-யிலிருந்து 80,000 கி.மீ-க்குள் இருக்கும். வாசகி பார்த்த வண்டி 82,000 கி.மீ ஓடியிருக்கிறது, பாதி தூரத்துக்கு ரெக்கார்டு இல்லை. கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்பதுதான் புரோக்கரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ‘இன்ஜின் ஆயில் மாற்றியாச்சு’ என்ற பதிலை ஏற்கக் கூடாது. அது வேறு, இது வேறு.

ஓட்டிப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘என்’-லிருந்து ‘டி’-க்கும், பிறகு ‘ஆர்’-க்கும் மாற்றினால் ஓரிரு விநாடிக்குள் மெல்லிய இழுப்பு தெரிய வேண்டும். வெகுநேரம் கழித்து ‘டக்’கென்று இடித்தால் கோளாறு. பிறகு அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். பல கோளாறுகள் ஆயில் சூடான பிறகுதான் தலைகாட்டும். ஏற்றத்தில் இன்ஜின் உறுமி வண்டி ஏறாமல் இருந்தாலோ, குறைந்த வேகத்தில் அதிர்ந்தாலோ, விசில்போல ஊளைச் சத்தம் வந்தாலோ வேண்டாம். கடைசியாக, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டி, கியர் பாக்ஸில் கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இந்த வண்டியை யோசிக்கலாம். ஆனால், ஆயில் பில் இல்லாதபட்சத்தில் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும். குத்தகைப் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியைப் பழுதுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். ரெக்கார்டு இல்லாத சி.வி.டி-யைவிட, ரெக்கார்டு உள்ள டார்க் கன்வெர்ட்டரோ, ஏ.எம்.டி-யோ இந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பானது. இரட்டை கிளட்ச் பெட்டியில் மின்னணுப் பகுதி போனால் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடும் என்பதால், வாரன்டி முடிந்த நிலையில் அதைத் தவிர்க்கலாம். அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் ‘வண்டி ஓட்டலாமா, எப்போதிலிருந்து?’ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“கேரளாவிலிருந்து வரும் கார்கள் விலை குறைவாக இருக்கின்றனவே, ஏன்?”
- வாசகர், ராஜபாளையம்

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, பழைய கார் வியாபாரத்துக்கும் வழிதான். விலை குறைவுக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். வேறு மாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று (படிவம் 28) வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் ‘குறைந்த விலை’ எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

ஆனால், இன்னொரு காரணமும் இருக்கலாம், வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளாவில் ஏராளமான கார்கள் மூழ்கின. கேரளாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடியும் சென்னை, அதே மாதம் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி பகுதிகள்... காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் ‘முழு இழப்பு’ என்று கணக்கை முடித்த வண்டிகளும் ஏலத்தில் போய், பழுது பார்க்கப்பட்டு, மறுபடி சாலைக்கு வருவதுண்டு.

சாதாரண கியர் வண்டியைவிட ஆட்டோமேட்டிக்கில் வெள்ளத்தின் பாதிப்பு அதிகம். கியர் பாக்ஸ் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற, மேலே ஒரு மூச்சுக்குழாய் வைத்திருப்பார்கள். நீர்மட்டம் அதைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஆயிலோடு தண்ணீர் கலந்தால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் பூச்சு ஊறி உரியும். சிவப்பு ஆயில், ரோஸ்மில்க் மாதிரி வெளுத்துப் பால்போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விற்பவர் ஆயிலை மாற்றிவிட்டால் இந்த அடையாளம் மறைந்துவிடும். ஆனால், உள்ளே நடந்த சேதம் அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து வழுக்க ஆரம்பிக்கும்.

அதனால், மறைக்க முடியாத இடங்களைப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள வயர் முனைகள் ஆகியவற்றில் துருவும் வண்டலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடிய கண்ணாடிகளோடு வெயிலில் நிறுத்தி, பிறகு கதவைத் திறந்தால் ஈரவாடை அடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பதிவு எண்ணை வைத்து சர்வீஸ் சென்டரில் பழைய வேலைகளையும், இன்ஷூரன்ஸில் கிளெய்ம் விவரத்தையும் விற்பவர் மூலமாகவே கேட்டு வாங்க வேண்டும். வெள்ள ஆண்டில், வெள்ளப் பகுதியில் பதிவில் இருந்த வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

“கிளட்ச் கருகிய வாடை வருகிறது. கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?”
- பால் உற்பத்தியாளர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பழைய ஏ.எம்.டி கார் ஒன்றை வாங்கி, பின்சீட்டை மடக்கிவிட்டு பால் கேன்களை வைத்து, பால்கோவா தயாரிப்பவர்களுக்குத் தினமும் கொண்டுபோகிறார் இவர். வழியில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நிறுத்தம். கிளம்பும்போது வண்டி அதிர்கிறது, வாடையும் வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

இந்த அறிகுறிகள் பெரும்பாலும் கிளட்ச் தேய்மானத்தைத்தான் காட்டுகின்றன. ஏ.எம்.டி-யின் உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னால், வேறோர் இடத்தில் இன்னொரு கருத்து கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது கிளட்ச் போட்ட பிறகு, அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கருவிக்கு ஸ்கேனர் மூலம் ‘கற்றுக்கொடுக்க’ வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புது கிளட்ச்சும் சீக்கிரம் கருகும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

சில மாடல்களில் கியர் போடும் கருவி ஹைட்ராலிக்கில் இயங்கும். சிலவற்றில் மின்மோட்டார். ஹைட்ராலிக் என்றால் அதற்குத் தனி ஆயில் உண்டு. சர்வீஸின்போது அதன் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கியர் பாக்ஸ் ஆயில் வேறு, இந்த ஆயில் வேறு.

அடுத்து, ஓட்டும் பழக்கம். ‘கிளட்ச் பெடல் இல்லை, அதனால் கிளட்ச்சே இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தினால், கருவி அரை கிளட்ச்சில் நிற்கிறது என்று அர்த்தம். கிளட்ச்சைக் கருக்க இதைவிட வேகமான வழி கிடையாது. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே அதை விடுவிக்க வேண்டும். திருவிழா நாள்களில் தேர் வீதிகளில் நத்தைபோல ஊர்வதும் அரை கிளட்ச்தான். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்று, இடம் கிடைத்ததும் மொத்தமாக நகர்வது நல்லது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால் ‘என்’-ல் வைத்து, பிரேக் போட்டுக்கொள்ளலாம்.

எடையையும் கணக்கிட வேண்டும். 40 லிட்டர் கேன் மூன்று என்றால், பால் மட்டுமே 120 கிலோவுக்கு மேல். அத்துடன் கேன் எடை, ஆள் எடை. சிறிய காரில் இவ்வளவு சுமையோடு தினமும் பத்து முறை நின்று கிளம்பினால் கிளட்ச் சீக்கிரம் தேயத்தான் செய்யும். பால் எடுக்கும் வேலைக்குச் சரக்கு வண்டியே பொருத்தம். காரைக் குடும்பத்துக்கென்று வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும்.

“சேற்றில் சிக்கிய ஆட்டோமேட்டிக் காரை டிராக்டரில் கட்டி இழுக்கலாமா?”
- நெல் விவசாயி, வத்திராயிருப்பு

சேற்றிலிருந்து கெட்டித் தரைக்கு வரும் சில அடி தூரத்துக்கு மட்டும், ‘என்’-ல் வைத்து, மெதுவாக இழுக்கலாம். அதே கயிற்றோடு ஊர் வரை இழுத்து வந்தால் கியர் பாக்ஸ் போய்விடும்.

காரணம் எளிது. டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி இரண்டிலும் உள்ளே ஆயிலைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்றிருக்க, சக்கரங்கள் மட்டும் சுழன்றால் உள்ளே உள்ள பாகங்கள் ஆயில் இல்லாமல் உரசும். தண்ணீர் வராத மோட்டாரை ஓடவிடுவது மாதிரிதான் இது. முன்சக்கரங்கள் இழுக்கும் கார் என்றால் முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். இன்னோவா மாதிரி பின்சக்கரங்கள் இழுக்கும் வண்டி என்றால், மொத்தமாக மேலே ஏற்றிப்போகும் மீட்பு வண்டிதான் பாதுகாப்பு. ஏ.எம்.டி-யில் ‘என்’ விழுந்துவிட்டால் இழுக்கலாம். ஆனால், கியரிலேயே மாட்டிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டால் இழுக்கக் கூடாது.

சேற்றில் சக்கரம் சுற்றும்போது ஆக்ஸிலேட்டரை விடாமல் மிதிப்பதும் தவறு. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும்போது வரும் அதிர்ச்சி முழுவதும் சி.வி.டி-யின் பெல்ட்டில்தான் விழும். சக்கரத்துக்கு முன்னால் சாக்கையோ, பலகையையோ, தென்னை மட்டையையோ போட்டு, மெதுவாக எடுக்க வேண்டும்.

பேட்டரி இறங்கிவிட்டால் நான்கு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இந்த வண்டிகளில் நடக்காது. அதனால், வயலுக்குப் போகும் ஆட்டோமேட்டிக் காரின் டிக்கியில், ஜம்பர் கேபிள் ஒரு செட் எப்போதும் கிடக்கட்டும். டிராக்டர் பேட்டரியும் 12 வோல்ட்தான் என்றால், அதிலிருந்தே கார் பேட்டரிக்கு உயிர் கொடுத்துவிடலாம். டிராக்டரை அந்த உதவிக்குக் கூப்பிட்டால் போதும்.